பட்டனை யார் வரைகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். ஆய்வகத் தராசு ஒன்று யூஎஸ்பி வழியாக எடைகளை அனுப்புகிறது. அவற்றை வாங்கி அட்டவணையில் காட்டி, வரைபடம் போட்டு, ஃபைலாகச் சேமிக்கும் ஒரு நிரலைப் பைத்தானில், டிகிண்டர் என்ற டூல்கிட் (பட்டன், மெனு, விண்டோ எல்லாம் தரும் நூலகம்) கொண்டு எழுதியிருக்கிறீர்கள். இதுவரை விண்டோஸில் மட்டும் ஓடியது. இப்போது மேக்கிலும் லினக்ஸிலும் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் இருப்பதோ இரண்டே பேர். "ஒருமுறை எழுதினால் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும் டூல்கிட் எது? எலக்ட்ரானா, கியூட்டியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றிலும் ஓட வேண்டும் என்பது ஒன்று, ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது இன்று பெரிய காரியமில்லை. இரண்டாவதை நீங்கள் உண்மையிலேயே விரும்புகிறீர்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம். மேக் பயன்படுத்துபவர் உங்கள் நிரல் விண்டோஸில் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. தன் கணினியில் இருக்கும் மற்ற நிரல்களைப் போல இது நடந்துகொள்கிறதா என்றுதான் பார்ப்பார். கடைசி விண்டோவை மூடினால் விண்டோஸில் நிரல் முடிந்துவிடும். மேக்கில் பல நிரல்கள் மெனுவோடு உயிரோடு நிற்கும். விண்டோஸில் 'சரி' இடப்பக்கமும் 'ரத்து' வலப்பக்கமும் இருக்கும். மேக்கிலும் லினக்ஸின் மேசைத்திரைகளில் ஒன்றான க்னோமிலும் 'சரி' வலது ஓரத்தில். மூன்றிலும் ஒரே வரிசையை வைத்தால், யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் தப்பான பட்டனை அழுத்திவிடுவார்.

என் பின்னணி: பதினான்கு வருடங்களாக மேசைக்கணினி மென்பொருள்தான் வேலை. பெரும்பாலும் கியூட்டி, கொஞ்சம் டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ், எலக்ட்ரானில் ஒரே ஒரு முழு வேலை. கைப்பேசி ஆப்களும் விளையாட்டுகளும் நான் செய்ததில்லை, ஆகவே கீழே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எந்த டூல்கிட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, திரையில் தெரியும் இந்தப் பட்டனை வரைந்தது யார் என்று. இயங்குதளமே வரைந்ததா, டூல்கிட் வரைந்ததா, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு உலாவி வரைந்ததா? பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதியை இந்தப் பதிலை வைத்தே சொல்லிவிடலாம்.

இயங்குதளமே வரையட்டும் என்பது பழைய ஆசை. 1996இல் ஜாவாவின் முதல் பதிப்போடு வந்த ஏடபிள்யூடி அப்படித்தான் செய்தது. நீங்கள் ஜாவாவில் ஒரு பட்டன் கேட்டால், அது அடியில் இருக்கும் விண்டோஸிடமோ மேக்கிடமோ யூனிக்ஸிடமோ உண்மையான பட்டனை வாங்கித் தரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாத் தளங்களிலும் பொதுவாக இருப்பதை மட்டும்தான் தர முடிந்தது. ஒரு உருப்படியான அட்டவணைகூட அதில் கிடையாது. இருப்பவையும் ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் வேறுபட்டு நடந்தன. "ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்ற ஜாவாவின் வாசகத்தை "ஒருமுறை எழுது, எங்கும் பிழை தேடு" என்று நிரலாளர்கள் கிண்டலடித்தது இந்தக் காலத்தில்தான். அடுத்து வந்த ஸ்விங் எதிர்த்திசையில் போனது. 1998இல் ஜாவா 1.2உடன் வந்த அது எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டது. தளத்துக்குத் தளம் வேறுபாடு குறைந்தது, ஆனால் எந்தத் தளத்திலும் அது வெளியூர்க்காரன் போலத்தான் தெரிந்தது. அப்புறம் எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவிக்காக ஐபிஎம் எஸ்டபிள்யூடி என்று ஒன்றைச் செய்தபோது, மறுபடி தளத்தின் சொந்தப் பட்டன்களுக்கே திரும்பினார்கள். ஒரே மொழியின் வட்டாரத்துக்குள் சில வருடங்களிலேயே ஊசல் இரண்டு பக்கமும் போய்வந்துவிட்டது. இன்று வரும் புதிய டூல்கிட்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ நிற்கின்றன.

சொந்தப் பட்டன்களை வாங்கித் தரும் வழியில் இன்றும் நன்றாக இருப்பது டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ். 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. ஆடாசிட்டி, கைகேட், ஃபைல்ஜில்லா எல்லாம் அதில் எழுதப்பட்டவை. தானே வரையும் வழியில் கியூட்டி, ஜிடிகே, ஃப்ளட்டர். இதில் கியூட்டி கொஞ்சம் தந்திரக்காரன். வரைவது தானே என்றாலும், பட்டன் இந்தத் தளத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று விண்டோஸிடமும் மேக்கிடமும் கேட்டு அதைப் போலவே வரையும். ஃப்ளட்டர் அந்தப் பாசாங்குக்கே போகாது. ஒவ்வொரு புள்ளியையும் தானே போட்டுக்கொள்ளும், எங்கும் ஒரே முகம். எலக்ட்ரான் மூன்றாவது வழி. 2013இல் ஆட்டம் என்ற எடிட்டருக்காக கிட்ஹப் உருவாக்கியது, ஒவ்வொரு நிரலோடும் ஒரு முழு குரோமியத்தையும் (குரோம் உலாவியின் அடிப்படை) நோடையும் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) சேர்த்து அனுப்புகிறது. அதனால்தான் வெறும் 'வணக்கம்' சொல்லும் நிரலே நூறு எம்பியைத் தாண்டுகிறது. டௌரி அதே யோசனையின் மெலிந்த வடிவம்: உலாவியைக் கூடவே அனுப்பாமல், தளத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தும். பொட்டலம் சிறிதாகிவிடும். பதிலுக்கு, விண்டோஸில் குரோமிய வழி வந்த வெப்வியூ2, மேக்கில் ஆப்பிளின் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என்று மூன்று எஞ்சின்களில் பக்கத்தைச் சோதிக்க வேண்டும். வலைப்பக்கம் எழுதுபவர்கள் தப்பித்து வந்த தலைவலி வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

பட்டன் அழகாக இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். எழுத்தைத்தான் கடைசியில் பார்ப்பார்கள், குறிப்பாக ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள். தமிழில் 'கெ' என்று திரையில் வர, 'க'வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருக்கும் ஒற்றைக்கொம்பை எடுத்து முன்னால் வைத்து வரைய வேண்டும். 'கொ' என்றால் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் போகும். இப்படி எழுத்துகளைக் கோத்து வரைவதை எழுத்துக்கோப்பு என்று சொல்லலாம். குரோமியம், ஜிடிகே, ஃப்ளட்டர், கியூட்டி எல்லாமே இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன, அங்கே பெரும்பாலும் கவலை இல்லை. உங்கள் டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே, விண்டோஸிலும் மேக்கிலும் தளத்தின் எழுத்துக்கோப்பை நம்பிப் பிழைத்துக்கொண்டது. லினக்ஸில் நீண்ட காலமாக அப்படி ஒரு வசதி அதற்கு இல்லாததால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். உங்கள் நிரலில் தமிழ் லேபிள்கள் இருந்தால் லினக்ஸில் முதலில் இதைத்தான் பாருங்கள்.

எழுத்திலேயே இன்னும் ஒன்று. பட்டனுக்கு 24 புள்ளி உயரம், லேபிளுக்கு 80 புள்ளி அகலம் என்று எண்ணால் எழுதாதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் இயல்பான எழுத்துரு வேறு, அதன் அகலம் வேறு. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் பன்னிரண்டு எழுத்தாகலாம். மேலே கொக்கியும் கீழே வாலும் இருப்பதால் தமிழ் வரிக்கு உயரமும் அதிகம் வேண்டும். பட்டனுக்குள் 'கூ'வின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டு நிற்பதை எத்தனையோ நிரல்களில் பார்த்திருக்கிறேன். எல்லா டூல்கிட்டிலும் தானாக இடம் பிரித்துக்கொடுக்கும் தளவமைப்பு வசதி இருக்கிறது. அதை விட்டு வெளியே வராமல் இருந்தால், விண்டோஸில் ஒரு திரை 100 சதவீத உருப்பெருக்கத்திலும் பக்கத்துத் திரை 150 சதவீதத்திலும் இருக்கும்போது விண்டோவை இழுத்துப் போனாலும் பெரிதாக எதுவும் கெடாது. கியூட்டி 6இல் இந்த அளவு மாற்றம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் எதையும் திறக்க வேண்டியதில்லை.

ஒருமுறை நான் முழுதாக இரண்டு நாள் தொலைத்த கதையும் எழுத்தைப் பற்றியதுதான். மேக்கில் சேமித்த திட்டம் ஒன்றை லினக்ஸில் திறந்தால், 'கொள்ளளவு' என்ற ஃபைல் இல்லை என்கிறது நிரல். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! காரணம் இது. யூனிகோடில் 'ொ' ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய மேக் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை எப்போதும் பிரித்தே வைக்கும். எங்கள் திட்ட ஃபைலுக்குள் ஒன்றாக இருந்தது, வட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது; பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மேக்கில் அது தெரியவும் இல்லை, ஏனென்றால் இரண்டு வடிவத்தையும் அந்தக் கோப்பு முறை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பைட்டுக்கு பைட் ஒப்பிடும். பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி போதும். அதே போல விண்டோஸும் இயல்பு நிலையில் மேக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்தை வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும். ஐகான் ஃபைலின் பெயரை அசட்டையாக எழுதியிருந்தால் லினக்ஸில் மட்டும் ஐகான் வராது.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரை வாசிப்பான் பயன்படுத்துபவர்களைப் பற்றி டூல்கிட் ஒப்பீடுகளில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது எப்போதும் உறுத்தும். இயங்குதளத்தின் சொந்தப் பட்டன் என்றால், 'இது ஒரு பட்டன், இதன் பெயர் சேமி' என்ற செய்தி விண்டோஸில் ஓடும் என்விடிஏவுக்கும் மேக்கின் வாய்ஸ்ஓவருக்கும் லினக்ஸின் ஓர்காவுக்கும் தானாகப் போய்விடும். தானே வரையும் டூல்கிட்டில் தளத்தின் கண்ணுக்கு அது வெறும் படம். பட்டன் என்று சொல்ல, மூன்று தளங்களுக்கும் மூன்று விதமாக டூல்கிட்டே தகவல் அனுப்ப வேண்டும். கியூட்டி இதைச் செய்கிறது, ஃப்ளட்டரும் செய்கிறது. எலக்ட்ரானில் குரோமியத்தின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் குண்டு என்று திட்டுபவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். டிகேயில் நீண்ட காலம் இந்த ஆதரவு இல்லவே இல்லை. உங்கள் ஆய்வகத்தில் பார்வைக் குறையுள்ள ஒருவர் இருந்தால், டிகிண்டரைக் கைவிட இது ஒன்றே போதுமான காரணம்.

சரி, உங்களுக்கு என் யோசனை: பைசைடு 6, அதாவது கியூட்டியின் அதிகாரப்பூர்வ பைத்தான் வடிவம். அதிலும் பழைய விட்ஜெட்கள் (ஆயத்தமான பட்டன், அட்டவணை வகையறா) பக்கம், திரையைத் தனி மொழியில் எழுதும் கியூஎம்எல் வேண்டாம். அட்டவணை, ஃபைல் திறப்பது, அச்சிடுவது, மெனு, குறுக்குவிசை என்று உங்களுக்கு வேண்டிய சலிப்பான எல்லாமே அங்கே நன்றாகத் தேய்ந்து பதமாகியிருக்கின்றன. குறுக்குவிசையை 'கண்ட்ரோல்' என்று எழுதினால் மேக்கில் அதுவே கமாண்டு விசையாகிவிடும். பட்டன் வரிசையை உரையாடல் பெட்டிக்கான பட்டன் தொகுதியிடம் விட்டால், தளத்துக்கு ஏற்ப அதுவே மாற்றிக்கொள்ளும். இந்தப் பத்தி என் கருத்து, மேலே சொன்னவை போல் நிறுவக்கூடிய உண்மை இல்லை. உங்கள் இருவரில் ஒருவர் வலை நிரலாளராக இருந்திருந்தால் எலக்ட்ரான் என்றே சொல்லியிருப்பேன். தெரிந்த கருவியில் எழுதிய சுமாரான நிரல், தெரியாத கருவியில் எழுதிய நல்ல யோசனையை விட மேல். டிகிண்டரிலேயே இருந்துவிடுவதும் தப்பில்லை. லேபிள்கள் ஆங்கிலம், அட்டவணையில் சில நூறு வரிகள் என்றால் மாற்ற அவசரமே கிடையாது.

பைசைடுக்குப் போனால் சில கண்ணிகளை முன்பே சொல்லிவிடுகிறேன். மேக்கில் கியூட்டி, மெனு வரியின் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து, 'ஆப்ஷன்ஸ்', 'செட்டிங்ஸ்', 'அபவுட்' என்று தொடங்கினால் அந்த வரியை எடுத்து நிரலின் பெயர் உள்ள மெனுவுக்குக் கொண்டுபோய்விடும். நாங்கள் ஏற்றுமதி மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி வைத்திருந்தோம். மேக்கில் மட்டும் அது காணாமல் போனது. தமிழ் மெனு என்றால் பிரச்சினை தலைகீழ்: நகர வேண்டிய 'அமைப்புகள்' நகராது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே, ஒவ்வொரு வரிக்கும் அதன் பங்கை (ரோல்) நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

உரிமம் இரண்டாவது கண்ணி. பைசைடு எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது. உங்கள் நிரலை மூடியே வைத்திருக்கலாம், ஆனால் கியூட்டி நூலகத்தைப் பயனர் மாற்றிப் போட்டுக்கொள்ள வழி விட வேண்டும். கியூட்டியின் இன்னொரு பைத்தான் வடிவமான பைகியூட்டி அப்படியில்லை: உங்கள் நிரலின் மூலத்தையும் திறந்துவைக்கக் கேட்கும் ஜிபிஎல், அல்லது பணம் கட்டிய உரிமம். பைசைடுக்குள்ளும் எல்லாத் தொகுதியும் ஒரே உரிமத்தில் இல்லை. வரைபடம் போடும் கியூட்டி சார்ட்ஸ் ஜிபிஎல்லிலோ வணிக உரிமத்திலோதான் வருகிறது. உங்களுக்கு வரைபடம் வேண்டும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பைகியூட்டிகிராஃப் அல்லது மேட்பிளாட்லிப் எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. நான் வழக்கறிஞர் இல்லை, விற்கப் போகிறீர்கள் என்றால் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது, தராசைப் படிக்கும் நூல். நூல் என்றால் இங்கே த்ரெட், ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர். நீங்கள் ஒட்டியிருந்த துண்டு நிரலில், தராசிலிருந்து எடை வந்ததும் அதைப் படிக்கும் த்ரெட்டே நேராக லேபிளை மாற்றுகிறது. விண்டோஸில் இது பல நாள் ஓடியிருக்கும், அது அதிர்ஷ்டம். திரையைத் தொடும் வேலை எதுவானாலும் முதன்மை த்ரெட்டில்தான் நடக்க வேண்டும் என்பதில் மேக் மிகக் கறார். மீறினால் நிரல் அங்கேயே விழும். டிகிண்டரில் இருக்கும்வரை வந்த எடைகளை ஒரு வரிசையில் போட்டு, முதன்மை த்ரெட் அவ்வப்போது எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். கியூட்டியில் சிக்னல் (அதன் செய்தி முறை) அனுப்பினால் அந்த வரிசை வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். டூல்கிட்டை மாற்றும் முன்பே, இன்றே இதைத் திருத்துங்கள். கூடவே தராசிடம் பேசுவது, கணக்குப் போடுவது, சேமிப்பது மூன்றையும் திரையைப் பற்றி எதுவுமே தெரியாத தனித் தொகுதிகளாகப் பிரித்துவிடுங்கள். மூன்று தளத்துக்கும் உண்மையிலேயே ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய பகுதி அதுதான். நாளை டூல்கிட் பிடிக்காமல் போனாலும் மேல்தோலை மட்டும் மாற்றலாம்.

பொட்டலம் கட்டுவதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள், எல்லோரும் இதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பைத்தான் நிரலைப் பொட்டலமாக்கும் பைஇன்ஸ்டாலர் ஒரு தளத்தில் உட்கார்ந்து இன்னொரு தளத்துக்குக் கட்டித் தராது. மேக் பொட்டலத்துக்கு மேக் வேண்டும். சொந்தமாக மூன்றும் இல்லாவிட்டால் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவையில் மூன்று தளத்துக்கும் இயந்திரங்கள் கிடைக்கின்றன, முதல் வாரத்திலேயே அதை அமைத்துவிடுங்கள். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், டிஜிட்டல் கையெழுத்திட்டு ஆப்பிளின் சரிபார்ப்பையும் வாங்காத நிரலை இணையத்திலிருந்து இறக்கித் திறந்தால் தடுத்துவிடும். விண்டோஸில் ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீல எச்சரிக்கைப் பெட்டி வரும். லினக்ஸில் புதிய வெளியீட்டில் கட்டியது பழைய வெளியீட்டில் கிளம்பாது, ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு ஒத்துவராது. ஆதரிக்க நினைக்கும் வெளியீடுகளில் மிகப் பழையதில் கட்டுங்கள். ஆய்வகக் கணினிகள் பழையவையாக இருக்கும் என்பதால் இன்னொன்று: கியூட்டி 6 விண்டோஸ் 7இல் ஓடாது.

விண்டோ போன தடவை இருந்த இடத்திலேயே திறக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், லினக்ஸுக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலாண்டில் ஒரு நிரல் தன் விண்டோவைத் திரையில் எங்கே வைப்பது என்று சொல்ல முடியாது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, டூல்கிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, ஆனால் லினக்ஸிலிருந்து உங்களுக்கு வரும் முதல் புகார் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். தராசு விண்டோஸில் 'காம் 3' என்பது போலத் தெரியும். மேக்கிலும் லினக்ஸிலும் 'டெவ்' அடைவுக்குள் ஒரு ஃபைலாக, வேறு வேறு பெயரில் தெரியும். பெயரை நிரலில் எழுதிவைக்காமல் பைசீரியல் என்ற பைத்தான் நூலகத்திடம் பட்டியல் கேட்டுப் பயனரைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். டெபியன், உபுண்டு வகையில் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இல்லாவிட்டால் தராசு பட்டியலில் தெரியும், ஆனால் திறக்க அனுமதி இருக்காது. அந்தப் பிழையைப் பிடித்து, எந்தக் குழுவில் சேர வேண்டும், அதன் பின் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும் என்று திரையிலேயே ஒரு வரி காட்டிவிடுங்கள்.